எஃப் முதல் கே வரை

“ஃபர்கிவ் பண்றதுன்னா என்ன பண்றது, ஜஹனாரா? எழுந்து சொல்லு பார்க்கலாம்.”

சாந்தோமிலிருந்து கறுப்புக் குடை பிடித்து வரும் மிஸ் நோரா ஒரு நாள் வகுப்பில் இப்படிக் கேட்டுவிட்டார். ராயப்பேட்டையில் முஸ்லிம் பெண்களுக்கென்று நடந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. ஒரு பலப்பத்துக்காக இரண்டு பெண்கள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் நோரா இருவரையும் விலக்கி எதிரெதிரே நிறுத்தி, ஒருத்தியை “ஃபர்கிவ் மீ” என்றும் மற்றவளை “ஐ ஃபர்கிவ் யூ” என்றும் சொல்ல வைத்தார். இருவரும் கிளி மாதிரி சொன்னார்கள். சொன்ன கையோடு, பலப்பம் யாருக்கு என்று மறுபடியும் மயிரைப் பிடித்தார்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் ஜஹனாரா ஒருத்திதான். அதனால் கேள்வி அவள் தலையில் விழுந்தது.

எழுந்தாள். நின்றாள். அவளுடைய குரல் அடுத்த பாயில் இருப்பவளுக்கே எட்டாத குரல். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் அதுவும் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மணி அடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

“பரவாயில்லை,” என்றார் மிஸ் நோரா. “வீட்டுல யோசிச்சுட்டு வந்து சொல்லு.”

அவள் யோசித்தாள். ஆனால் போய்ச் சொல்லவில்லை. அடுத்த வாரமே அவள் பெரியவளானாள். பெண்களை ஏற்றிப் போகும் திரை போட்ட மாட்டுவண்டி வழக்கம்போல் சந்து முனையில் வந்து நின்று, மணியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு அது அங்கே நிற்பதையே விட்டுவிட்டது.

வாலாஜா பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்தது அந்தச் சந்து. அவளுடைய அத்தா பீர் முஹம்மது புத்தகம் பைண்டு செய்பவர். வீடே பட்டறை. முன்னறையில் எப்போதும் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசையின் வாடை அடித்துக்கொண்டிருக்கும். அச்சகங்களிலிருந்து பெரிய பெரிய தாள்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். ஒவ்வொரு தாளிலும் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம் அச்சாகியிருக்கும். அதற்குப் பாரம் என்று பெயர். தலைகீழும் நேருமாகக் கிடக்கிற அந்தப் பக்கங்கள், மடிக்கிற விதமாக மடித்தால்தான் வரிசைக்கு வரும். மடிப்பது வீட்டுப் பெண்களின் வேலை. கோஷா மறைவை விட்டு வெளியே வராமல் செய்யக்கூடிய வேலை.

அந்த வருஷக் கோடையில் மயிலாப்பூர் ஹெட்மாஸ்டர் ஒருவரின் புத்தகம் வந்தது. இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழில் பொருளும், அந்தச் சொல் எந்த வேரிலிருந்து முளைத்தது, எங்கெங்கே வழங்குகிறது என்பதும் எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேண்டும் என்று அச்சகக்காரர் அவசரப்பட்டு, மடிப்பு வேலையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். பீர் முஹம்மது வீட்டுக்கு வந்த பங்கு எஃப் முதல் கே வரை.

ஆக, பள்ளியில் படித்த கொஞ்சம் போக, ஜஹனாராவின் இங்கிலீஷ் எஃப்பில் தொடங்கிக் கேயில் முடிந்தது. கெட், கிவ், ஹோல்ட், கீப் எல்லாம் அவளுக்கு வேரோடு தெரியும். லவ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெரியாது. அது வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது.

ஒரு பாரத்தில் ஃபர்கெட் மேலேயும் ஃபர்கிவ் கீழேயும் இருந்தன. ஃபர்கெட் என்றால் பிடியிலிருந்து நழுவவிடுவது. ஃபர்கிவ் என்றால் ஆதியில் முழுவதுமாகக் கொடுத்துவிடுவது, அவ்வளவுதான். பிறகு, வர வேண்டியதைக் கேளாமல் விடுவது. அதற்கும் பிறகுதான் குற்றத்தைப் பொறுப்பது என்ற பொருள் வந்து சேர்ந்தது.

மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நம் வீட்டில் மாப்பு என்கிறோம். அந்தச் சொல்லுக்கு அழித்துவிடுவது என்று பொருள் என்பாள் குர்ஆன் ஓதிக்கொடுக்க வரும் ஜைதூன் பீ. கீரைக்காரி வேலம்மா ‘பொறுத்துக்கோ தாயீ’ என்கிறாள். அது தாங்கிக்கொள்வது. சிலேட்டைத் துடைக்கிற மாதிரி ஒன்று, தலையில் கூடையைச் சுமக்கிற மாதிரி ஒன்று. வெள்ளைக்காரன் மட்டும் கொடு என்கிறான். மூன்றும் ஒரே காரியமா, வேறு வேறா? மிஸ் நோராவைக் கேட்கலாம். ஆனால் மிஸ் நோரா எங்கே, இவள் எங்கே.

பிறகு அவளுக்குக் கல்யாணம் நடந்தது.

மாமனார் வலியுல்லா சாயபுவுக்குத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் தொப்பியும் அத்தரும் விற்கிற கடை. வீடு மீர்சாகிப்பேட்டையில். நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். புருஷன் ஷரஃபுதீன், மகள் குல்ஷன் பிறந்த வருஷம் ரங்கூனில் கடை போடப் போனான். போன இடத்தில் வேறொருத்தியை நிக்காஹ் செய்துகொண்டான். இவளை விலக்கிவிட்டதாக அங்கிருந்து வந்த ஆளிடம் சொல்லியனுப்பினான்.

அதைக் கேட்ட மறுநாள் வலியுல்லா சாயபு அவளைத் தாமே ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்து இந்தச் சந்தில் இறக்கினார். படுக்கையையும் தகரப் பெட்டியையும் வாசலில் வைத்தார். குழந்தையைக் கொண்டுவரவில்லை.

“குல்ஷன் எங்க ரத்தம். எங்க வீட்லயே வளரட்டும்,” என்றார் பீர் முஹம்மதுவைப் பார்த்து. “உங்க பொண்ணுக்கு வயசு கீது. வேற இடம் பாருங்க. பிள்ளை இல்லாம இருந்தா சுலபம்.”

குழந்தை அப்போது பால்குடி மறக்காதவள். ஜஹனாரா கதவோரம் நின்றாள்.  மிஸ் நோரா எதிரில் நின்ற மாதிரியே நின்றாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தபோதுதான், அன்று வாசலிலேயே கத்தியிருக்கலாம் என்று தோன்றியது. பீர் முஹம்மது அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் தாடியைத் தடவினார்கள். வலியுல்லா சாயபு எல்லோருக்கும் வேண்டிய மனிதர்.

ஒரு வருஷம் போயிற்று. மகளைப் பற்றி அவளுக்குக் கிடைத்ததெல்லாம் வேலம்மாவின் வாய்வழிதான். வேலம்மா கீரைக்கூடையோடு இரண்டு வீட்டுக்கும் போகிறவள். “இன்னைக்கு உம் பொண்ணு பச்சைப் பாவாடை கட்டிக்கினு இருந்திச்சு”, “இப்ப ஓட்டமா ஓடுது, புடிக்கவே முடியல.” அரைக்கீரைக் கட்டோடு அந்த வார்த்தையையும் வாங்கி வைத்துக்கொள்வாள் ஜஹனாரா. நாள் முழுவதும் தாளை மடித்துக்கொண்டே அதை நினைத்துப் பார்ப்பாள்.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் சந்தில் ஒரு செய்தி பரவியது. வலியுல்லா சாயபு ஹஜ்ஜுக்குப் போகிறார். சென்ட்ரலில் ரயிலேறிப் பம்பாய், அங்கிருந்து கப்பல். போகிறவர் திரும்புவாரா என்பது அல்லாவின் நாட்டம். அதனால் புறப்படுமுன் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கி மாப்பு கேட்பது வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் மாப்பு பண்ணி, பாக்கி இல்லாமல் ஹலாலாக்கிவிடுங்கள் என்பார். மாப்பு பண்ணிவிட்டேன் என்று இவர்கள் சொல்வார்கள். மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர்தான் மாப்பு பண்ண வேண்டும், எத்தனை தடவை காபாவைச் சுற்றினாலும் அது மட்டும் கழுவப்படாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேட்டவருக்கு மறுத்தவர் என்று அந்தச் சந்தில் யாரும் இருந்ததில்லை.

“நம்ம வாசலுக்கும் வராராம்!” என்று அன்வரி பேகம் பூரித்துப் போனாள். ஜஹனாராவின் அம்மா அவள். ஒரு வருஷமாகத் தண்ணீர்க் குழாயடியில் தலைகுனிந்து நின்றவள். “வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்கப்புறம் வராராம். நாலு பேரைக் கூட்டிக்கினு வராராம். ஷர்பத்துக்கு எலுமிச்சம்பழம் சொல்லணும்.”

வேலம்மா அப்போதுதான் கூடையை இறக்கினாள். வழக்கமாக முதலில் வருகிற வார்த்தை அன்று வரவில்லை. கீரையைத் தட்டித் தட்டி வைத்தாள்.

“இன்னா வேலம்மா, பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள் ஜஹனாரா.

“அதெல்லாம் நல்லாத்தான் கீது.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “சொல்லக்கூடாதுன்னுதான் பார்த்தேன். மனசு கேக்கல. நேத்து எங்கிட்ட வந்து கூடையைப் புடிச்சிக்கினு நின்னுச்சு. ஒங்கம்மா மாதிரியே கண்ணுன்னு சொல்லிட்டேன், வாய் சும்மா இராம. அதுக்கு அது சொல்லுது, எங்கம்மா மவுத்தாயிட்டாங்க, மண்ணுக்குள்ள கீறாங்கன்னு. நன்னா நன்னான்னு கூப்பிடுதே, அந்தத் தாத்தாதான் சொன்னாராம்.”

ஜஹனாரா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். மவுத்து என்றால் செத்துப்போவது. அந்தக் குழந்தையின் வாயில் அந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை. ஏனென்றால் அது பேசி அவள் கேட்டதே இல்லை. அவளிடமிருந்து பிரித்தபோது அதற்குப் பேச்சு வந்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் அம்மாவிடம் சொன்னாள். “பிள்ளையைக் கொடுத்தா மாப்பு சொல்றேன். இல்லாட்டி மாட்டேன்.”

அன்வரி பேகம் சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள். “தூ! இன்னாடி பேசறே? ஹஜ்ஜுக்குப் போறவரை வாசல்ல நிறுத்தி பேரம் பேசுவியா, மீன் வாங்கற மாதிரி?”

“பேரம்தான்.”

“நல்லதனமா சொல்லு. மனசு இளகும். திரும்பி வந்தார்னா, பெருநாளுக்கு ஒரு தடவை பிள்ளையை அனுப்பி வைப்பாரு. நான் கேட்டு வாங்கறேன்.”

“திரும்பி வரலேன்னா?”

 “அல்லாவே,” என்று அன்வரி பேகம் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனாள். முன்னறையில் பீர் முஹம்மது தைத்த புத்தகங்களை அழுத்துப் பலகைக்குள் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. திருகுவதை நிறுத்தாமல் இருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. முன்னறையில் இருந்த தாள்கட்டுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்தார்கள். உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவே திரை தொங்கியது. மாமனாருக்கு முன் மருமகள் வரலாம், அதில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் கூட வேறு ஆண்கள் வருகிறார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஜஹனாரா, அம்மா, ஜைதூன் பீ, இன்னும் இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள்.

“நம்ம ஜஹனாராவுக்கு வந்த வாழ்வைப் பாரு,” என்று ஜைதூன் பீ அவள் இடுப்பில் இடித்தாள். “அவ்வளவு பெரிய மனுசன் உங்கிட்ட கையேந்தி வராரு. வாயைத் திறந்து சொல்லுடி. வழக்கம்போல முணுமுணுக்காதே, அங்க கேக்காது.”

வலியுல்லா சாயபு வந்தார். திரையின் ஓர இடுக்கு வழியே ஜஹனாரா பார்த்தாள். ஒரு வருஷத்தில் மனிதர் இளைத்திருந்தார். கழுத்தில் யாரோ போட்ட மல்லிகை மாலை. அவரோடு வந்தவர்களில் ஒருவர், கடைக்காரர் ஹமீது பாய், சத்தமாக எல்லோருக்கும் சலாம் சொன்னார். ஷர்பத் வந்தது. எந்தக் கப்பல், கடலில் எப்படி வாந்தி வரும், எலுமிச்சை ஊறுகாய் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும் என்று பேச்சு ஓடியது. பிறகு வலியுல்லா சாயபு தொண்டையைக் கனைத்தார். 

“பீர் முஹம்மது பாய், தெரிஞ்சும் தெரியாமலும் உங்களுக்கு நான் ஏதாவது செஞ்சிருந்தா மாப்பு பண்ணி ஹலாலாக்கிடுங்க.”

“பண்ணிட்டேன்,” என்றார் அத்தா. குனிந்த தலை நிமிரவில்லை.

கிழவர் திரையைப் பார்த்துத் திரும்பினார். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். “ஜஹனாரா, அம்மாடி. உனக்கும்தான். மாப்பு பண்ணிடும்மா.”

 சொல்ல வேண்டியதையெல்லாம் ஜஹனாரா இரண்டு நாளாக மனதுக்குள் மடித்து மடித்து அடுக்கியிருந்தாள். அத்தனையும் கலைந்து கிடந்தது. மூச்சு மட்டும் வந்தது.

“மாப்பு பண்ணிட்டேன், மாமா. ஹலால்.”

மெல்லிய குரல். கூச்சம் நிறைந்த குரல். அவளுடைய குரலேதான். ஆனால் சொன்னவள் அவளில்லை. பக்கத்தில் அன்வரி பேகம் முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டு, மகளைப்போலவே பேசிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“அல்ஹம்துலில்லா!” என்றார் ஹமீது பாய். முன்னறை முழுக்க மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். மாலையை மறுபடியும் கழுத்தில் போட்டார்கள். பாயிலிருந்து எழுந்திருக்கும் சத்தமும் செருப்பைத் தேடும் சத்தமும் கேட்டன. இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடுவார். ரயிலேறிவிடுவார். கொடுக்காத ஒன்றைக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு கப்பலேறிவிடுவார். குல்ஷனுக்கு அம்மா மண்ணுக்குள்தான் இருப்பாள்.

“நான் சொல்லலே.”

அந்தக் குரலை ஜஹனாராவுக்கே அடையாளம் தெரியவில்லை. கரகரவென்று, தாளைக் கிழித்த மாதிரி வந்தது. முன்னறையில் செருப்புச் சத்தம் நின்றது.

“சொன்னது எங்கம்மா. நான் சொல்லலே.”

ஜைதூன் பீ அவள் கையைக் கிள்ளினாள். அன்வரி பேகம் அப்படியே சுவரில் சாய்ந்தாள். ஹமீது பாய் திரைக்கு வெளியிலிருந்து, “இன்னா கூத்து இது! பொம்பளைங்க விளையாட்டுக்கு நேரம் பார்த்தாங்க பாரு. ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். வாங்க பாய், போவலாம்,” என்றார்.

“இருங்க,” என்றார் வலியுல்லா சாயபு. “யாரும் பேசாதீங்க.” அவர் திரைக்கு வெகு அருகில் வந்து நின்றார். அவருடைய அத்தர் வாசனை உள்ளே வந்தது. குழந்தையின் தலையிலும் அந்த வாசனைதான் இருக்கும். “உனக்கு இன்னா வேணும்? சொல்லு.”

“குல்ஷன்.”

“அது…” கிழவர் நிறுத்தினார். “அது எங்கிட்டதான் தூங்குது, எங்கிட்டதான் சாப்பிடுது. நான் போனாலும் என் வீட்டுக்காரி, அதோட நன்னி, பார்த்துக்குவா. பிள்ளைக்குக் குறையில்லம்மா. வேற எதுவேணா கேளு.”

“உங்க கையில இருக்கறதை நீங்க குடுக்கல. எங்கிட்ட மட்டும் குடு குடுன்னு கேக்கறீங்க.”  அவள் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டாள். “நான் மவுத்தாயிட்டேன்னு பிள்ளைகிட்ட சொன்னீங்க. மண்ணுக்குள்ள கீறேன்னு சொன்னீங்க. மவுத்தானவ எப்படி மாமா மாப்பு சொல்லுவா?”

  இடுக்கு வழியே அவள் கண்டது மல்லிகை மாலையைத்தான். அது மேலும் கீழுமாக ஏறி இறங்கியது, ஓடி வந்தவரின் மார்பைப்போல.

வலியுல்லா சாயபு போனார். கூட வந்தவர்கள் பின்னால் போனார்கள். பாதி குடித்த ஷர்பத் கோப்பைகளில் ஈ மொய்த்தது.

அதற்குப்பின் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சந்தில் பேசினார்கள். “ஹஜ்ஜுக்குப் போறவர் மனசை நோவடிச்சிட்டாளே” என்று குழாயடியில் பேசினார்கள். ஜைதூன் பீ வாசலிலேயே நின்று, “அவர் கப்பல்ல மவுத்தானா அந்தப் பாவம் யார் தலைமேல? எண்ணிப் பார்த்தியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்வரி பேகம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். “நான் உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்,” என்றாள். அதுவும் பொய் இல்லை.

அத்தா மட்டும் பசைக் கிண்ணத்தைக் கலக்கியபடி, “உன்னை இறக்கிவிட்ட அன்னிக்கே நான் பிள்ளையைக் கேட்டிருக்கணும்,” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

ஜஹனாரா தாளை மடித்தாள். ஏதோ ஒரு கணக்குப் புத்தகம். மடிப்பு கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி மடித்தாள், மறுபடி கோணல். பேரம் பேசியாயிற்று. பேரம் படியாமலும் போய்விட்டது. இருந்த ஒரே பொருளைக் காட்டிக் கேட்டாயிற்று, இனி கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெருநாளுக்கு ஒரு தடவை என்று அம்மா சொன்னதும் இனி நடக்காது. வேலம்மாவைக்கூட அந்த வீட்டில் இனி ஏற்றுவார்களோ என்னவோ. கிழவர் கடலில் செத்தால், குல்ஷன் பெரியவளாகி, உன் நன்னாவை மாப்பு பண்ணாமல் அனுப்பியவள் ஒருத்தி இருந்தாள் என்று யாராவது சொல்லக் கேட்பாள். அம்மா என்று தெரியாமலே அவளை வெறுப்பாள்.

சுவரைப் பார்த்து, ‘மாப்பு பண்ணிட்டேன்’ என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. முழுவதுமாகக் கொடுத்துவிடுவது என்று எழுதியிருந்தார் ஹெட்மாஸ்டர். இல்லாதவள் எதைக் கொடுப்பாள் என்று எழுதவில்லை.

வலியுல்லா சாயபு ரயிலேற வேண்டிய நாள் விடிந்தது. பம்பாய் வண்டிக்கு வழியனுப்ப நெடுஞ்சாலைக் கடைக்காரர்களெல்லாம் சென்ட்ரலுக்குப் போகிறார்கள் என்று பேச்சு. ஜஹனாரா வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து, கதவை ஒருக்களித்து வைத்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தைமாதப் பனியில் சந்து மங்கலாக இருந்தது.

மாலை இல்லாமல், கூட ஆள் இல்லாமல் அவர் வந்தார். தோளில் குழந்தை. பச்சைப் பாவாடை. அவருடைய ஒரு கையில் சின்னத் துணிமூட்டை.

ஜஹனாரா எழுந்தாள். முறம் சாய்ந்து அரிசி கொட்டியது.

வலியுல்லா சாயபு அவளைப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் இருத்தி, அதன் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். “குல்ஷன், இதோ பாரு. உங்கம்மா. மவுத்தாகல. நன்னா பொய் சொல்லிட்டேன்.”

குழந்தை ஜஹனாராவை ஏற இறங்கப் பார்த்தது. அதற்குப் பயமாக இருந்தது. “மண்ணுல இருந்து வந்தாங்களா?” என்று கேட்டது.

தன் மகள் பேசி அவள் கேட்ட முதல் பேச்சு அது.

“இல்லம்மா. இங்கேயேதான் இருந்தாங்க.” கிழவர் குழந்தையைத் தரையில் இறக்கினார். அது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. “நானும் ஹஜ்ஜு வரேன், நன்னா, நானும் ஹஜ்ஜு வரேன்” என்று அலறியது. அவர் ஒவ்வொரு விரலாக விடுவித்தார். ஒரு கையை விடுவித்தால் மறு கை போய்ப் பிடித்தது. கடைசியில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து ஜஹனாராவின் கைக்குள் வைத்தார். மூட்டையைப் படியில் வைத்தார். எழுந்தார். மாப்பு கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். இப்போது கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அவள் கேட்டபடி கொடுத்தாயிற்று. ஆனால் அவர் கேட்கவில்லை. நடக்கத் தொடங்கினார்.

குழந்தை அவள் கைக்குள் மீன் மாதிரித் துள்ளியது, அவள் தோளைக் கடித்தது. கடி வலித்தது. அவள் விடவில்லை. அத்தரும் குழந்தை வியர்வையும் சேர்ந்த வாசனை முகத்தில் மோதியது. கிழவரின் முதுகு பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

“மாமா,” என்றாள். குழந்தையின் அலறலில் அது அவளுக்கே கேட்கவில்லை. “மாமா!” இந்தக் குரல் போதாது. இது ஒரு நாளும் போதியதில்லை. அவர் சந்தின் பாதியைத் தாண்டிவிட்டார். முனை திரும்பினால் நெடுஞ்சாலை, பிறகு ரயில், பிறகு கடல்.

தலையில் துணிகூட இல்லாமல், பெரியவளான நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் புர்கா இல்லாமல் தாண்டாத அந்தப் படியை ஜஹனாரா தாண்டினாள். இடுப்பில் துள்ளும் குழந்தையோடு சந்தின் நடுவே ஓடினாள். ஒரு கதவு திறந்தது. யாரோ “யா அல்லா” என்றார்கள்.

“மாமா! மாப்பு பண்ணிட்டேன்! நான்தான் சொல்றேன், ஜஹனாரா! ஹலால் மாமா, ஹலால்!”

அது முழுவதாக இல்லை என்று அவளுக்குத் தெரியும். குழந்தை பேசப் பழகிய அந்த ஒரு வருஷம் எங்கேயும் திரும்பி வராது. அதற்கான மாப்பை எடுத்து நீட்ட அவளால் முடியாது. இருந்த மட்டும் கொடுத்தாள்.

கிழவர் நின்றார். பள்ளிவாசல் சுவரில் ஒரு கையை ஊன்றினார். தோள்கள் தொய்ந்து இறங்கின, நெடுந்தூரம் சுமந்து வந்ததை இறக்கியவருடையதைப்போல. தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். குல்ஷன் அழுகையை நிறுத்திவிட்டு, அவர் திரும்புவார் என்று கையை நீட்டினாள்.

அவர் திரும்பவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முனை திரும்பிப் போனார்.